முழங்காலுக்கு மேல் கால் நீக்கம்: வலு, சமநிலை, நடை

தொடை மட்டத்தில் கால் நீக்கப்பட்டவர் முழங்கால், கணுக்கால் என்ற இரண்டு மூட்டுகளை ஒரே நேரத்தில் இழக்கிறார். அவற்றின் வேலையில் பெரும்பங்கை இனி இடுப்புத் தசைகளே செய்தாக வேண்டும். சர்க்கரை நோயோடு வரும் இரத்தக்குழாய் அடைப்பு, விபத்து, கண்ணிவெடி, எலும்புப் புற்றுநோய் ஆகியவை இந்நிலைக்கு முக்கியக் காரணங்கள்.

பூட்டில்லாத எளிய செயற்கை முழங்காலில், குதிகால் தரையைத் தொட்டதும் பிட்டத் தசையை இறுக்கி, எஞ்சிய தொடையை, அது பொருந்தும் உறையான சாக்கெட்டுக்குள் பின்னோக்கி அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் தளர்ந்தால் முழங்கால் மடங்கி ஆள் விழுவார். இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுவிழந்தால், செயற்கைக்காலை ஊன்றும்போதெல்லாம் உடல் அந்தப் பக்கம் சாயும்.

பாதத்தின் தொடுவுணர்வு இல்லாததால் தரையின் மேடுபள்ளத்தைச் சாக்கெட்டில் உணரும் அழுத்தத்தாலும் கண்ணாலுமே அறிய முடியும். இருட்டும் ஈரத்தரையும் இவர்களுக்கு ஆபத்தானவை. கனடாவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், கால் நீக்கப்பட்டோரில் 52 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் விழுந்திருந்தனர். ஆகவே விழுந்தால் எப்படி எழுவது என்பதும் பயிற்சியில் இடம்பெற வேண்டும்.

நடைக்குச் செலவாகும் ஆற்றலும் அதிகம். அப்படியிருந்தும், புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ், 1980இல் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அவரது செயற்கைக்கால் முன்னே வந்து சேரத் தாமதமாகும். அதுவரை இடது காலில் கூடுதலாக ஒரு துள்ளல் போட்டு ஓடினார். ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளில் மடங்கும் இன்றைய ‘பல அச்சு’ முழங்கால்கள், மேலே சொன்ன எளிய முழங்காலைப் போல எளிதில் மடங்கிவிடுவதில்லை. சென்னை ஐஐடி 2022இல் அறிமுகப்படுத்திய ‘கதம்’ அவ்வகையைச் சேர்ந்தது.

எந்தக் கருவியாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாத குறை, இடுப்பு மூட்டு மடங்கியபடியே இறுகிப்போவதுதான். நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும், வலிக்கு இதமென எஞ்சிய காலின் கீழே தலையணை வைப்பதும் இதற்கு வழிசெய்கின்றன. இறுகிய இடுப்பைப் பின்னோக்கி நீட்ட முடியாது. முழங்காலை நிலைநிறுத்தும் அழுத்தமும் கிடைக்காது. நாளுக்குச் சில முறை குப்புறப் படுப்பது எளிய தடுப்புமுறை. செயற்கைக்கால் வரும்வரை காத்திராமல், மருத்துவர் அனுமதித்த உடனேயே வீட்டார் இதைத் தொடங்கிவைக்க வேண்டும்.