அன்னையின் ஆர்கன் இசை

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 'அன்னை' என்று வழங்கப்பட்ட மிரா அல்பாசா (1878–1973) ஆர்கனில் வாசித்த இசை இது. எழுதிவைத்து வாசித்ததன்று, கை போன போக்கில் அவ்வப்போது பிறந்தது. ஒலிநாடாவில் பதிவானவை மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

மிரா பாரிசில் செபார்டிக் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மோரிஸ் துருக்கியிலிருந்து வந்த வங்கியாளர். தாய் மத்தில்டு எகிப்துக்காரர். வீட்டில் கடவுளுக்கு இடமில்லை. ஆனாலும் அன்னையின் இசை நினைவுகளில் முக்கியமான ஒன்று ஒரு யூதத் தொழுகைக்கூடத்தைச் சேர்ந்தது.

ஜெருசலேம் கோயில் இடிந்த துக்கத்தாலும் ஓய்வுநாள் விதியாலும் மரபுவழி யூதர்கள் தொழுகையில் வாத்தியம் சேர்ப்பதில்லை. செபங்களை இசையோடு ஓதும் 'ஹஸ்ஸான்' எனும் தலைமைப் பாடகரின் குரல்தான் அங்கே எல்லாம். 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் இந்த வழக்கம் தளர்ந்தது. 1845இல் அங்கே தலைமைப் பாடகரான சாமுவேல் நாம்பூர் பாடகர் குழுவுக்கான தொழுகை இசையைத் தொகுத்து அச்சிட்டார். ஆர்கனும் உள்ளே நுழைந்தது. தமக்கு 14 வயதானபோது, அப்படியொரு கூடத்தில் நடந்த திருமணத்தில் தாயுடன் மேல்மாடத்தில் உட்கார்ந்து, ஆர்கனில் பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸின் இசையைக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், அப்போது சாளரம் வழியே மின்னல்போல ஒளி பாய்ந்து தம்முள் புகுந்ததாகவும் அன்னை பிற்காலத்தில் சொன்னார். ஒளியை நம்புவது அவரவர் பாடு. அந்த ஒலி அவருக்குள் தங்கிவிட்டதை மறுப்பதற்கில்லை.

பயிற்சியால் அவர் ஓவியர். அகாடெமி ஜூலியன் ஓவியப் பள்ளியில் படித்தார், பாரிஸ் கண்காட்சிகளில் படங்களை வைத்தார். 1914 மார்ச் 29 அன்று புதுச்சேரி வந்தார். இடையில் பிரான்சிலும் ஜப்பானிலும் இருந்துவிட்டு, 1920 ஏப்ரலில் நிரந்தரமாகத் திரும்பினார். 1926 நவம்பரில் ஆசிரமப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

ஆசிரமத்தில் பாட்டுக்குப் பஞ்சமிருக்கவில்லை. வங்கத்தின் பெயர்பெற்ற பாடகர் திலீப் குமார் ராய் 1928இல் வந்து சேர்ந்தார், சாகானா தேவியும் பாடினார். அவர்களுடையது இந்திய மரபு. அன்னையின் வாசிப்பு வேறு வகை. புத்தாண்டு பிறக்கும்போது அவர் ஆர்கன் வாசிப்பது ஆசிரமத்தில் வழக்கமாயிற்று. சுரங்களை அடுக்கடுக்காக எழுப்பி, சட்டென்று அடக்கி, மறுபடி எங்கோ தொடங்குவார். நம் வித்துவான்களின் மனோதர்மம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மனோதர்மத்துக்கு ராகம் என்ற வரம்பு உண்டு, தாளம் சேர்ந்தால் கணக்கும் உண்டு. இங்கே இரண்டையும் தேடக்கூடாது. கச்சேரிக் காதோடு கேட்பவர்களுக்கு முதலில் சலிப்புத் தட்டலாம்.

1960களின் நடுவில் புத்தாண்டு இசையை அன்னை தம் மாணவர் சுனில் பட்டாச்சார்யாவிடம் ஒப்படைத்தார். 1942இல் ஆசிரமம் வந்த சுனில் சித்தார் வாசித்தவர், ஆசிரமப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். டிசம்பர் 1 அன்று நடக்கும் பள்ளி ஆண்டுவிழா நாடகங்களுக்கு இசை அமைத்துக் கை தேர்ந்திருந்தார். அன்னையிடம் ஒற்றை வாத்தியத்தில் நின்ற இசை, சுனிலிடம் பல குரல்களும் மின்னணுக் கருவிகளும் கலந்து விரிந்தது. அரவிந்தரின் 'சாவித்ரி' காவியத்திலிருந்து அன்னை வாசித்துப் பதிவான பகுதிகளுக்கும் அவரே இசையமைத்தார். 1998இல் மறையும்வரை புத்தாண்டு இசை அவர் பொறுப்பிலேயே இருந்தது.