எம்டனும் கடலடிக் கம்பியும்

1914 அக்டோபரில் இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கும் தியாகோ கார்சியா தீவுக்கு ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் வந்து நங்கூரமிட்டது. ஐரோப்பாவில் போர் மூண்டு இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அந்தத் தீவில் ஒருவருக்கும் சேதி தெரியாது. அங்கே தந்தி இல்லை. மாலுமிகள் நிதானமாக நிலக்கரி ஏற்றிக்கொண்டு, தோட்ட நிர்வாகியின் பழுதான மோட்டார் படகையும் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்தக் கப்பல்தான் எம்டன்.

சென்னைக்கு அது முந்தைய மாதமே அறிமுகமாகியிருந்தது. செப்டம்பர் 22 இரவு துறைமுகத்தை நெருங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, உயிர்களும் போயின. ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். ஆனால் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் உண்மையான இலக்கு வணிகம். மூன்று புகைபோக்கிகளோடு நான்காவதாக ஒரு போலியை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போல வேடமிட்டுத் திரிந்த எம்டனிடம் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் சிக்கின. இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. புறப்பட வேண்டிய கப்பல்கள் துறைமுகங்களிலேயே முடங்கின. ஒரே ஒரு கப்பல் வங்காள விரிகுடாவின் வணிகத்தையே திணறடித்தது.

அந்த வணிகம் சரக்கை மட்டும் நம்பி நடக்கவில்லை, சேதியையும் நம்பியிருந்தது. 1870இல் பம்பாயிலிருந்து சூயஸ் வரை கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அடுத்த ஆண்டுக்குள் சென்னை, பினாங்கு வழியாகச் சிங்கப்பூரோடு இணைந்தது. செம்புக் கம்பியை உப்புநீர் தொடாமல் காத்தது, மலேயாக் காட்டு மரங்களின் பாலிலிருந்து எடுத்த குட்டா பெர்ச்சா. கடிதம் வாரக்கணக்கில் போன தூரத்தைச் சேதி சில மணி நேரத்தில் கடந்தது. லிவர்பூல் சந்தையின் பருத்தி விலையைத் தெரிந்துகொண்ட பிறகே பம்பாய் வியாபாரி பேரம் பேசினார்.

கம்பியின் அருமையைப் போரிட்ட இரு தரப்பும் அறிந்திருந்தன. போர் அறிவித்த மறுநாளே, 1914 ஆகஸ்ட் 5 அன்று, பிரிட்டன் ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் கம்பிகளை வெட்டியது. பிறர் கம்பிகளை நம்ப வேண்டிய நிலைக்கு வந்த ஜெர்மனி 1917இல் மெக்சிகோவுக்கு ரகசியத் தந்தி அனுப்பியபோது, பிரிட்டன் அதை வழியிலேயே படித்துவிட்டது. அமெரிக்கா போரில் இறங்க அதுவும் ஒரு காரணமானது.

எம்டன் குறிவைத்தது கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை. ஆஸ்திரேலியா, பட்டேவியா, ஆப்பிரிக்கா மூன்றின் திசையிலிருந்தும் வரும் கம்பிகள் அங்கே கூடின. 1914 நவம்பர் 9 காலையில் கம்பியை வெட்ட ஜெர்மானியர்கள் கரையிறங்கினார்கள். அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று நிலைய ஊழியர்கள் அதற்குள் கம்பியில்லாத் தந்தியில் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கமாகப் படைக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி திரும்பி விரைந்தது. தாக்குதலில் சிதைந்த எம்டன் வடகீலிங் தீவில் தரைதட்டியது. 130 பேருக்கு மேல் மாண்டார்கள். வெட்டிய கம்பியோ விரைவிலேயே ஒட்டப்பட்டது.

இன்று செம்பு இருந்த இடத்தில் கண்ணாடி இழை. கண்டங்களுக்கு இடையிலான இணையப் போக்குவரத்தில் மிகப் பெரும்பகுதி கடலடியில்தான் போகிறது. சென்னைக் கரையிலும் அந்தக் கேபிள்கள் ஏறுகின்றன. உலகெங்கும் ஆண்டுக்கு 150 முதல் 200 பழுதுகள் நேர்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடி வலைகளும் நங்கூரங்களும். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்காவின் ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்தபோது, அதைச் சரிசெய்ய ஐந்து வாரங்கள் ஆயின.

கடலடிக் கம்பிகளைக் காக்க 1884இலேயே பாரிஸில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. போரிடும் நாடுகளை இது கட்டுப்படுத்தாது என்று அதன் 15ஆம் பிரிவு சொல்கிறது. 1914இல் இரு தரப்பும் கம்பி வெட்டியது அந்த விதிவிலக்கின் நிழலில்தான். வங்கியும் மருத்துவமனையும் கேபிளை நம்பி இயங்கும் காலத்தில் அந்த விதிவிலக்கை நாடுகள் திருத்தியே ஆக வேண்டும்.