சர்வதேசத் தொண்டர் இயக்கமும் தங்குமிடப் பிரச்சினையும்: ஒரு வரலாற்று நோக்கு

பிறநாட்டு மக்களிடையே பணிபுரியச் சென்ற தொண்டர்களின் வரலாறு பெரும்பாலும் அவர்கள் அமைத்த பாதைகளையும் கற்பித்த பாடசாலைகளையும் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அவர்கள் எங்கே உறங்கினர், எதனை உண்டனர், அவர்களுக்காகச் சமைத்தவர் யாவர் என்பன சிறு விடயங்களாகக் கருதப்பட்டன. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் தொண்டர் இயக்கங்களைக் கூர்ந்து நோக்கின், சமத்துவம் என்னும் அவற்றின் இலட்சியம் வேலைத்தலத்தைக் காட்டிலும் தங்குமிடத்திலேயே கடுஞ்சோதனைக்கு உள்ளானமை புலனாகும். ஐரோப்பாவில் இவ்வியக்கம் தோன்றிய காலத்தையும், ஆசிய ஆபிரிக்க நாடுகளில் அது பரவிய காலத்தையும் ஒப்புநோக்குதல் இவ்வுண்மையை விளக்க உதவும்.

முதலாம் உலகப் போர் முடிவுற்று இரண்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், 1920 நவம்பரில், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளரான பியர் செரெசோல் ஒரு சிறு குழுவினருடன் பிரான்சின் எஸ்ன் என்னும் கிராமத்தை அடைந்தார். 1916ஆம் ஆண்டின் பெரும் போர் நிகழ்ந்த வெர்டன் நகருக்கு அண்மையிலிருந்த அக்கிராமம் முற்றாக அழிந்திருந்தது. நேற்றுவரை பகைவராயிருந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள் அக்குழுவில் ஒருங்கே இருந்தனர். ஜேர்மானியரும் அவருட் சிலர். குளிர்காலத்தில் அவர்கள் சிதைவுகளிடையே வாழ்ந்து, கிராமத்தவருக்கு மரக்குடிசைகளை அமைத்தனர். எறிகணைக் குழிகளை நிரப்பி நிலத்தைச் சீர்படுத்தினர். கூலி பெறவில்லை. பின்னாளில் சர்வதேச சிவில் சேவை எனப் பெயர் பெற்ற இயக்கத்தின் தொடக்கம் இதுவே.

ஒரே கூரையின் கீழ் வாழ்தலும் ஒரே பானையின் உணவை உண்ணலும் செரெசோலைப் பொறுத்தவரை வெறும் வசதிக்கான ஏற்பாடுகள் அல்ல. இராணுவ முகாம் மனிதரைப் பகைமைக்குப் பழக்குமாயின், உழைப்பு முகாம் அவர்களை நட்புக்குப் பழக்கும் என்பது அவரது கொள்கை. எனினும் 1921இன் வசந்தகாலத்தில் ஜேர்மானியர் அவ்விடத்தை விட்டு அகல வேண்டும் என்னும் வற்புறுத்தல் எழுந்தது. அவர்களை மட்டும் அனுப்பிவிட்டு ஏனையோர் தங்குவதற்கு உடன்படவில்லை. குழுவினர் அனைவரும் வெளியேறினர். இந்நிகழ்ச்சியைத் தோல்வி என்று மட்டும் கூறி அமைதல் தகாது. தொண்டர்கள் தம்முள் சமத்துவத்தை நிலைநாட்டினர். ஆனால் அவர்களைத் தம்மிடையே ஏற்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை போரின் வடுக்களைச் சுமந்தவர்களிடமே இருந்தது. எளிமையான வாழ்க்கை மட்டும் அந்த உரிமைக்கு ஈடாகவில்லை.

முகாமின் அகத்தேயும் சமத்துவத்துக்கு ஓர் எல்லை இருந்தது. 1927இல் றைன் நதி பெருக்கெடுத்து லீக்டென்ஸ்டைன் நாட்டின் வயல்களை மண்ணாலும் கல்லாலும் மூடியது. அடுத்த ஆண்டில் பல நாடுகளிலிருந்தும் எழுநூறுக்கு மேற்பட்ட தொண்டர்கள் சென்று அவற்றை அகற்றினர். மண்வெட்டி ஏந்திய ஆடவர் முன்னணியில் நின்றனர். 'சகோதரிகள்' என அழைக்கப்பட்ட பெண் தொண்டர்களோ சமைத்தனர், துவைத்தனர், கிழிந்த ஆடைகளைத் தைத்தனர். தேச பேதத்தைக் கடந்த முகாமும் ஆண் பெண் என்ற வேலைப் பிரிவினையை வீட்டிலிருந்து அவ்வாறே கொண்டுசென்றமை இங்கு கவனிக்கத்தக்கது. சமாதானத்தின் வரலாற்றில் சமையலறையின் பங்கு உரியவாறு எழுதப்படாமைக்கும் இதுவே காரணம் எனலாம்.

1934 ஜனவரி 15ஆம் திகதி பீகாரில் நிகழ்ந்த நிலநடுக்கம் இவ்வியக்கத்தை ஆசியாவுக்குக் கொணர்ந்தது. 1931இல் சுவிற்சர்லாந்துக்கு வந்த காந்தியடிகளைச் செரெசோல் சந்தித்திருந்தார். அவரும் ஐரோப்பியத் தோழர் சிலரும், இராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் இயங்கிய நிவாரணக் குழுவினருடன் தொடர்பு கொண்டு, வெள்ள அபாயத்துக்கு உள்ளான கிராமங்களை மேட்டுநிலங்களில் மீள அமைக்கும் பணியில் ஈடுபட்டனர். பிரித்தானிய ஆட்சியில் வெள்ளையருக்கெனத் தனிக் குடியிருப்புப் பகுதிகளும் விசாலமான பங்களாக்களும் அமைந்திருந்த காலம் அது. அத்தகைய சூழ்நிலையில் வெள்ளையர் கிராமத்தவருடன் மண் சுமந்தமை, ஆள்வோர் வாழும் இடத்துக்கும் ஆளப்படுவோர் வாழும் இடத்துக்கும் இடையே வரையப்பட்டிருந்த கோட்டை மீறிய செயலாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஆசிய ஆபிரிக்க நாடுகள் பல சுதந்திரம் பெற்றன. தொண்டும் அரசாங்கங்களின் ஆதரவு பெற்ற பெருநிறுவனமாக மாறியது. பிரித்தானியாவில் 1958இல் அலெக் டிக்சன் தொடங்கிய தன்னார்வ வெளிநாட்டுச் சேவை, தொடக்கத்தில் பாடசாலைக் கல்வியை முடித்த இளைஞரை அனுப்பியது. ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1961 மார்ச் 1ஆம் திகதி சமாதானப் படையை நிறுவினார். தொண்டருக்குச் சம்பளம் இல்லை. அவர் செல்லும் நாட்டினர் செய்யும் வேலையைச் செய்து, அவர்கள் உண்பதை உண்டு, அவர்களின் மொழியைப் பேச வேண்டும் என்பது அவரது அறிவிப்பின் சாரம். இலங்கைக்கும் 1962இல் இப்படையினர் வந்தனர்.

நடைமுறையோ இதனினும் சிக்கலாயிருந்தது. 1961 ஓகஸ்டில் கானாவை அடைந்த முதற்குழுவினர் இடைநிலைப் பாடசாலை ஆசிரியர்களாகவே சென்றனர். மேற்கு ஆபிரிக்கப் பாடசாலைகளிற் பல பிரித்தானிய முறையில் ஆசிரியர் விடுதிகளைக் கொண்டிருந்தன. மண்குடிசையை எதிர்பார்த்துச் சென்ற தொண்டர் பலருக்குக் கல்வீடு கிடைத்தது. சிலருக்குச் சமையலும் வீட்டுவேலையும் செய்யும் பணியாளரும் வாய்த்தனர். அவற்றை மறுப்பது எளிமையாகத் தோன்றலாம். ஆனால் தன் ஆசிரியர்களுக்கு எதனை வழங்குகிறதோ அதனையே அந்நாடு அந்நியருக்கும் வழங்கியது. அதனை மறுத்துக் குடிசை தேடுவது, ஆபிரிக்கா இவ்வாறுதான் இருக்க வேண்டும் என்று வெளியார் வகுத்த சித்திரத்தை நிலைநாட்டுவதாகவும் முடியும். மேலும், எவ்வளவு எளிமையாக வாழினும், தொண்டரின் பெயரில் மாதந்தோறும் 75 டொலர் தாய்நாட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டது. அயலவரின் வறுமைக்கு முடிவுத் திகதி இல்லை. தொண்டரின் எளிமைக்கோ இரண்டு ஆண்டுகளே தவணை.

இம்முரண்பாடு வெளிப்பட்ட களம் ஒரு பல்கலைக்கழகமாக அமைந்தமை மாணவ உலகின் சிந்தனைக்குரியது. 1961 ஒக்டோபரில், நைஜீரியா தனது சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவைக் கொண்டாடிய சில நாட்களில், இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் பெண் தொண்டர் ஒருவர் தம் நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். தம் குழுவினரைத் தவிர ஏனையோர் தெருவிலேயே வாழ்ந்து, தெருவிலேயே சமைத்து, தெருவிலேயே விற்கின்றனர் என்பது அதன் கருத்து. தபாலிற் சேருமுன் அது மாணவர் கையிற் கிடைத்தது. அவர்கள் அதனைப் பிரதிசெய்து பரப்பினர். கண்டனக் கூட்டம் கூடினர். தொண்டர்களை வெளியேற்றுமாறு கோரினர். அட்டையை எழுதியவர் நாடு திரும்பினார். ஏனையோர் தங்கினர், திட்டமும் தொடர்ந்தது.

அவ்வட்டையில் மாணவரைப் புண்படுத்தியது வறுமை பற்றிய செய்தி மட்டுமன்று. தம்மைத் தவிர என்ற பிரிப்பே அதன் கூர்முனை. ஒரே விடுதி வளாகத்தில் உறங்கியும் உண்டும் வந்தவர், தம்மை வேறோர் உலகத்தவராகவே எண்ணியிருந்தார் என்பதை அது காட்டிற்று. அதேவேளை, விடுதிகளில் வாழ்ந்த மாணவரும் அத்தெருக்களிலிருந்து தூர விலகியவரே என்பதை மறுத்தற்கில்லை. தொண்டர் கண்ட தெரு நைஜீரியக் கற்றோரும் விடையிறுக்க வேண்டிய தெருவாகவே இருந்தது. அட்டைக்கு எதிரான சினத்தில் நியாயமும் நாணமும் ஒருங்கே கலந்திருந்தன எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பிற்காலத்தில் பயிற்சிக் காலத்துத் தொண்டரை உள்ளூர்க் குடும்பங்களுடன் தங்கவைக்கும் முறை பரவலாயிற்று. அங்கே தொண்டர் விருந்தினர். எப்போது உண்பது, எங்கே உறங்குவது என்பனவற்றை வீட்டவரே தீர்மானிப்பர். இன்று கட்டணம் செலுத்திச் சில வாரங்கள் மட்டும் தொண்டு செய்யும் வழக்கமும் பெருகியுள்ளது. அங்கே தொண்டரே வாடிக்கையாளராகிவிடுவதால், அவரது வசதியே மீண்டும் முதன்மை பெறும் அபாயம் உண்டு.

ஆகவே, குடிசையா கல்வீடா என்பது தங்குமிடப் பிரச்சினையின் மேற்பரப்பே ஆகும். வந்தவரை அழைத்தவர் யார், அவர் வாழும் முறையை வகுப்பவர் யார், போகச் சொல்லும் உரிமை யாரிடம் உள்ளது என்பனவே அதன் அடிப்படை வினாக்கள். எஸ்ன் கிராமத்திலும் இபாதானிலும் இவ்வினாக்களை எழுப்பியவர்கள் உதவி பெற இருந்தவர்களே. தொண்டர் இயக்கத்தின் வரலாறு அவர்களின் குரலையும் உள்ளடக்கி எழுதப்படும்போதே முழுமை பெறும்.