உமிச் சாம்பலும் நொதியத்தின் வெப்பவுறுதியும்: வன்னியை முன்வைத்து ஒரு மறுபரிசீலனை

வன்னியில் நொதியத் தொழில்நுட்பம் பற்றிய பேச்சு எழும்போது நெல்லாலையில் எஞ்சும் குறுணலும் ஆலைக்குப் பின்னால் குவியும் உமியும் சேர்ந்தே வருகின்றன. குறுணலின் மாப்பொருளைக் குளுக்கோசுப் பாகாக்கலாம். அதற்குரிய நொதியத்தை உமிச் சாம்பலின் சிலிக்காவில் பிணைத்தால் அது வெப்பத்தைத் தாங்கும், மீண்டும் மீண்டும் பயன்படும் என்பது வாதம். குறுணல் பற்றிய பகுதியை ஏற்கிறேன். ஆனால் பிணைத்தலால் வந்ததாகச் சொல்லப்படும் வெப்பவுறுதியில் ஒரு பங்கு அளவீட்டின் தோற்றமே.

உண்மையான உறுதி எப்படி வருகிறது? சூடேறும்போது புரதச் சங்கிலி முதலில் அவிழ்கிறது. குளிர்ந்தால் அது மீளவும் கூடும். அவிழ்ந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் இழப்பு நிரந்தரம். சிலிக்கா போன்ற தாங்கியில் பிணைந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று அணுக முடியாததால் திரளல் தடைப்படுகிறது. ஒரே மூலக்கூறு பல புள்ளிகளில் இறுகப் பிணைந்தால் அவிழ்தலே அரிதாகும். ஓரிரு புள்ளிகளில் மட்டும் பிணைத்துவிட்டு அந்த இறுக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

தோற்ற உறுதியின் கணக்கு வேறு. நுண்டுளைகள் நிறைந்த தாங்கி மணியினுள், நொதியம் தாக்கும் பொருளான கீழ்ப்படை மெதுவாகவே பரவுகிறது. வெளிப்புற நொதியம் அதைத் தீர்த்துவிட, உட்புற நொதியம் வேலையின்றி இருக்கிறது. பரவல் தடை மிகும்போது, காணப்படும் தாக்கவீதம் நொதியச் செயற்பாட்டின் வர்க்கமூலத்துக்கே விகிதசமமாகும். நொதியத்தில் பாதி அழிந்தாலும் வீதம் 71 சதவீதத்துக்கே இறங்கும். ஒரு மூலக்கூறுகூடக் கூடுதல் உறுதி பெறாமலே அரைவாழ்வு இரட்டிப்பாகத் தெரியும். சுயாதீன நொதியத்தை நீர்த்த தாங்கற் கரைசலிலும் பிணைத்ததைப் பாகிலும் சோதித்து ஒப்பிட்டால் பிழை மேலும் பெருகும். அடர்ந்த சர்க்கரைக் கரைசலே புரதத்தைக் காக்கக்கூடியது.

தொழிற்சாலை வரலாறும் இதையே எச்சரிக்கிறது. கரியில் ஒட்டிய இன்வேட்டேசு செயலிழக்கவில்லை என்று நெல்சனும் கிரிபினும் 1916 இல் காட்டினர். 1969 இல் யப்பானின் தனாபே நிறுவனம் பிணைத்த அமினோஅசைலேசைத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. பின்னர் பிணைத்த குளுக்கோசு ஐசோமரேசு 55 முதல் 60 பாகை செல்சியசில் மாதக்கணக்கில் ஓடி, பிரற்றோசுப் பாகுத் தொழிலைத் தூக்கி நிறுத்தியது. அதன் கீழ்ப்படையோ சிறிய குளுக்கோசு. அதற்கு முந்திய படியின் குளுக்கோஅமிலேசு பிணைத்த வடிவில் அவ்வாறு வேரூன்றவில்லை. அதன் கீழ்ப்படையான டெக்ஸ்திரின் பருத்தது. துளைக்குள் தேங்கும் குளுக்கோசு மீண்டும் இணைந்து ஐசோமோல்ற்றோசு ஆகிறது, விளைச்சல் குறைகிறது. நொதியமும் மலிவு. குறுணலை முன்வைத்துப் பேசுவோர் இந்த வேறுபாட்டைத் தாண்டிச் செல்வதே எனக்குக் கவலை தருகிறது. மாப்பொருளை இளக்கும் பசிலசு லைக்கெனிபோமிசின் அல்பா-அமிலேசு 100 பாகைக்கு மேலும் சிறிதுநேரம் தாங்கும். அடுத்து வரும் குளுக்கோஅமிலேசுக்காகக் கலவையை 60 பாகை அளவுக்குக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. வெப்பவுறுதி தேவைப்படும் இடம் இதுவே என்பதில் ஐயமில்லை.

இனி உமி. ஒரு தொன் நெல்லில் ஏறத்தாழ 200 கிலோகிராம் உமி. அதை எரித்தால் சுமார் 40 கிலோகிராம் சாம்பல். அதில் பெரும்பங்கு சிலிக்கா. எரிப்பு 700 பாகைக்குள் நின்றால் உருவற்ற சிலிக்கா கிடைக்கும். மிகையாகச் சூடேறினால் அது பளிங்காகி, காரத்தில் எளிதில் கரையாது. கரைத்துத் தூய்மையாக்க எரிசோடா வேண்டும். ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடா செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரோடு நின்றுபோனது. ஆகவே ‘உள்ளூர்த் தாங்கி’ என்பதன் விலையில் வெளியிலிருந்து வரும் காரத்தின் விலையும் அடங்கும்.

காரத்தில் கரைக்காமல் உமியையே தாங்கியாகக் கொண்டால் என்ன? பசிலசு பியூமிலசு என்ற பற்றீரியா சைலனேசு நொதியத்தைச் சுரக்க உமியைத் தாங்குபொருளாகப் பயன்படுத்திய ஆய்வை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கபிலனும் வசந்தி அரசரட்ணமும் 2011 இல் வெளியிட்டனர். அது நுண்ணுயிரை வளர்த்த முறை, நொதியத்தைப் பிணைத்ததன்று. ஆயினும் உமி ஆய்வுகூடத்துக்குப் புதிய பொருளல்ல. அரைத்த உமியின் வெளிப்பரப்பில் பிணையும் நொதியம் குறைவாகவே இருக்கும். ஆனால் டெக்ஸ்திரின் அங்கே தடையின்றிச் சேரும், குளுக்கோசும் தேங்காது. குறுணலுக்கு இதுவே பொருத்தம் என்பது என் நிலைப்பாடு. நுண்டுளைச் சிலிக்காவைச் சிறிய கீழ்ப்படைகளுக்கு விட்டுவிடலாம்.

கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்களோ வவுனியாப் பல்கலைக்கழகமோ இதைச் சோதிக்கலாம். இரு தாங்கிகளையும் வெவ்வேறு பருமனுக்கு அரைத்து, 60, 65 பாகைகளில், குறுணற் பாகிலேயே ஓட்ட வேண்டும். சுயாதீன நொதியமும் அதே பாகில் ஓட வேண்டும். துகளின் பருமன் மாற அரைவாழ்வும் மாறினால் அது பரவலின் தோற்றம். மாறாவிட்டால் பிணைப்பின் பயன். அறிக்கையில் அரைவாழ்வுக்கு முன்னால் வரவேண்டிய எண், ஒரு கிராம் நொதியம் தன் ஆயுள் முழுவதிலும் தந்த குளுக்கோசின் நிறை.