உங்கள் கொரோனா மாதிரி லேபுக்குப் போன பிறகு என்ன நடந்தது? உருமாறும் வைரஸை இந்தியா துரத்திய கதை

மூக்கில் குச்சியை விட்டு மாதிரி எடுத்தார்கள். அடுத்த நாள் செல்போனுக்கு 'பாசிட்டிவ்' என்று மெசேஜ் வந்தது. கொரோனா காலத்தில் பெரும்பாலானோருக்கு டெஸ்ட் விவகாரம் அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் சில மாதிரிகளின் பயணம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஐஸ் பெட்டியில் அடைக்கப்பட்டு, பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று வேறு ஊர்களுக்குப் போயின. அங்கே அந்த மாதிரியில் இருந்த வைரஸின் முழு மரபணுவும் எழுத்து எழுத்தாக வாசிக்கப்பட்டது.

ஆல்பா, டெல்டா, ஒமைக்ரான் என்று டிவியில் நாம் கேட்ட பெயர்கள் எல்லாம் இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவைதான். இந்த வேலை எப்படி நடக்கிறது? இதனால் யாருக்குப் பலன்? 2021-ல் டெல்டா வந்தபோது இந்தியா எங்கே பின்தங்கியது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வைரஸ் ஏன் உருமாறுகிறது?

கொரோனா வைரஸின் மரபணு ஆர்என்ஏவால் ஆனது. ஏ, சி, ஜி, யு என்ற நான்கே எழுத்துகளில், சுமார் 30 ஆயிரம் எழுத்துகள் நீளத்துக்கு எழுதப்பட்ட ஒரு குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வைரஸ் நம் உடல் செல்லுக்குள் புகுந்ததும் இந்தக் குறிப்பைப் பிரதி எடுத்துப் பெருகுகிறது. பிரதி எடுக்கும்போது அவ்வப்போது ஓர் எழுத்து தவறிவிடும். அதுதான் மரபணு மாற்றம். ஆளுக்கு ஆள் பரவிக்கொண்டே போகும் வைரஸில் மாதத்துக்குச் சுமார் இரண்டு மாற்றங்கள் இப்படிச் சேர்ந்தன.

இவற்றில் பெரும்பாலானவை நமக்கு எந்த வித்தியாசத்தையும் தராது. ஆனால் வைரஸ் நம் செல்லில் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் 'ஸ்பைக்' புரதத்தில் சில மாற்றங்கள் வந்தால் விஷயம் வேறு. வேகமாகப் பரவலாம். ஏற்கெனவே தொற்று வந்தவர்களையும் தடுப்பூசி போட்டவர்களையும் மீண்டும் தொற்றலாம்.

இந்தப் பிழைகளால் ஒரு நன்மையும் உண்டு. பரீட்சையில் இரண்டு மாணவர்களின் விடைத்தாளில் ஒரே தவறு ஒரே இடத்தில் இருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார் இல்லையா? அதே கணக்குதான் இங்கேயும். ஒரே பிழைகளைச் சுமக்கும் வைரஸ்கள் ஒரே குடும்பம். இதை வைத்துத்தான் எந்த வகை எங்கிருந்து எங்கே பரவியது என்று விஞ்ஞானிகள் குடும்ப மரமே வரைகிறார்கள்.

மரபணுவை வாசிப்பது எப்படி?

ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். வைரஸின் மரபணுவில் இரண்டு மூன்று இடங்களை மட்டுமே அது தேடுகிறது. முழு மரபணு வரிசைப்படுத்தல் என்பது முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பது.

முதலில், பாசிட்டிவ் மாதிரிகளில் வைரஸ் அதிகம் உள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிசிஆர் ரிப்போர்ட்டில் இருக்கும் 'சிடி வேல்யூ' இதற்கு உதவும். அது குறைவாக இருந்தால் வைரஸ் அதிகம் என்று அர்த்தம். பிறகு வைரஸின் ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து டிஎன்ஏவாக மாற்றி, சிறு சிறு துண்டுகளாகப் பல லட்சம் பிரதிகள் எடுக்கிறார்கள். சீக்வென்சர் என்ற கருவி அந்தத் துண்டுகளை வாசிக்கிறது. கம்ப்யூட்டர் அவற்றை வரிசையாக ஒட்டி, சீனாவின் வூஹானில் முதலில் கிடைத்த வைரஸின் மரபணுவோடு ஒப்பிடுகிறது. அந்த முதல் மரபணு 2020 ஜனவரியிலேயே இணையத்தில் வெளியாகிவிட்டது. உலகம் முழுக்க ஒப்பீட்டுக்கு அதுதான் அடிப்படை.

கடைசியாக, முடிவு 'ஜிசெய்ட்' என்ற சர்வதேச தரவுத்தளத்தில் ஏற்றப்படுகிறது. சென்னையில் கிடைத்த வைரஸும் லண்டனில் கிடைத்த வைரஸும் உறவா என்று தெரிவது அங்கேதான். லேபில் இந்த வேலைக்குச் சில நாட்கள் போதும். ஆனால் மாதிரி லேபுக்கு வந்து சேரும் நேரம் தனிக்கணக்கு. இந்தியாவில் சிக்கலே அங்கேதான் வந்தது.

'என் ரிப்போர்ட்ல எந்த வகைன்னு ஏன் போடல?'

அன்று பலர் கேட்ட கேள்வி இது. பதில் எளிது. எந்த வகை கொரோனாவாக இருந்தாலும் ஆக்சிஜன் குறைந்தவருக்கு ஆக்சிஜன்தான், ஸ்டீராய்டு தேவைப்பட்டவருக்கு ஸ்டீராய்டுதான். வரிசைப்படுத்தல் முடிவு வருவதற்குள் நோயாளி பெரும்பாலும் குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார்.

அப்படின்னா இது யாருக்காக? இன்னும் தொற்று வராதவர்களுக்காக. ஒரு மாவட்டத்தில் புதிய வகை தலைதூக்குகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் படுக்கைகள், ஆக்சிஜன், கட்டுப்பாடுகள் என்று தயாராகலாம். தடுப்பூசி வேலை செய்யுமா, பரிசோதனை கிட் அந்த வகையைக் கண்டுபிடிக்குமா என்று சோதிக்கலாம். அதனால்தான் இந்தத் தகவலுக்கு ஆயுள் குறைவு. இரண்டு வாரம் முன்பு வந்தால் எச்சரிக்கை. இரண்டு மாதம் கழித்து வந்தால் வெறும் வரலாறு.

பிரிட்டன் தந்த பாடம்

இதை உலகம் முதலில் உணர்ந்தது பிரிட்டனில். அங்கே 2020 மார்ச்சிலேயே 'காக்-யுகே' என்ற தேசிய வரிசைப்படுத்தல் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் ஊரடங்கு இருந்தும் கென்ட் பகுதியில் மட்டும் தொற்று குறையவில்லை. ஏன் என்று தரவுகளைத் தோண்டியபோது, பி.1.1.7 என்ற வகை அங்கே பெருகிக்கொண்டிருந்தது தெரிந்தது. பழைய மாதிரிகளைப் பார்த்தால், அதே வகை செப்டம்பர் மாத மாதிரியிலேயே இருந்தது! டிசம்பர் 14-ம் தேதி பிரிட்டன் அரசு இதை அறிவித்தது. பின்னாளில் ஆல்பா என்று பெயர் பெற்றது இதுதான்.

இந்தியாவில் இன்சாகாக்

பிரிட்டன் அறிவிப்பு வந்த சில நாட்களில் இந்தியா அந்நாட்டு விமானங்களை நிறுத்தியது. டிசம்பர் 29-ம் தேதி, பிரிட்டனிலிருந்து வந்த 6 பேரிடம் புதிய வகை இருப்பது உறுதியானது. அதே டிசம்பர் இறுதியில், 10 ஆய்வகங்களை இணைத்து இன்சாகாக் கூட்டமைப்பை மத்திய அரசு உருவாக்கியது. டெல்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம், புனேவின் தேசிய வைராலஜி நிறுவனம், ஹைதராபாத்தின் சிசிஎம்பி, பெங்களூருவின் நிம்ஹான்ஸ் ஆகியவை அந்தப் பத்தில் அடக்கம்.

இலக்கு என்ன தெரியுமா? பாசிட்டிவ் ஆன மாதிரிகளில் 5 சதவீதத்தை வரிசைப்படுத்துவது. அதாவது 20 பேரில் ஒருவர்.

நடந்தது என்ன? 2021 மார்ச் 24-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு கணக்கு சொன்னது. மாநிலங்களிலிருந்து வந்த 10,787 மாதிரிகளில் 771 மாதிரிகளில் கவலைக்குரிய வகைகள் இருந்தன. அவற்றில் 736 பிரிட்டன் வகை, 34 தென்னாப்பிரிக்க வகை, ஒன்று பிரேசில் வகை. ஆனால் அந்த ஆண்டு ஜனவரி தொடக்கம் முதல் அன்று வரை நாட்டில் பதிவான புதிய தொற்றுகள் 14 லட்சத்துக்கு மேல். ஆக, வந்து சேர்ந்தது 100-க்கு ஒன்றுகூட இல்லை.

டெல்டா: கண்ணில் பட்டது, கையில் சிக்கவில்லை

அதே அறிக்கையில் இன்னொரு தகவலும் இருந்தது. மகாராஷ்டிராவில் 15 முதல் 20 சதவீத மாதிரிகளில் இ484கியூ, எல்452ஆர் என்ற இரண்டு மாற்றங்கள் காணப்பட்டன. ஊடகங்களில் 'இரட்டை உருமாற்றம்' என்று பரபரப்பான வகை இதுதான். எல்452ஆர் என்றால் ஏதோ ரகசியக் குறியீடு இல்லை. ஸ்பைக் புரதத்தின் 452-வது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் தொற்று திடீரென்று எகிறியதற்கு இதுதான் காரணம் என்று சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை இல்லை என்றே அன்றைய அறிக்கை சொன்னது. எண்ணிக்கை எப்படி இருக்கும்? வரிசைப்படுத்தியதே குறைவுதானே!

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. மகாராஷ்டிராவில் தென்பட்டது பி.1.617 என்ற குடும்பம். பிறகு நாட்டையே புரட்டிப்போட்ட டெல்டா, அந்தக் குடும்பத்தின் ஒரு கிளையான பி.1.617.2. அந்த டெல்டாவில் இ484கியூ மாற்றம் கிடையாது. எல்லோரும் 'இரட்டை உருமாற்றம்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அதன் உடன்பிறப்பு முந்திக்கொண்டது. ஒரே குடும்பத்துக்குள் எந்தக் கிளை வேகமாக வளர்கிறது என்று பிரித்துப் பார்க்க நிறைய மாதிரிகள் வேண்டும். அதுவும் வாரா வாரம் வேண்டும்.

டெல்டாவின் முதல் மாதிரிகள் இந்தியாவில் 2020 அக்டோபரைச் சேர்ந்தவை என்கிறது உலக சுகாதார அமைப்பின் பட்டியல். அதைக் கவலைக்குரிய வகையாக அந்த அமைப்பு அறிவித்தது 2021 மே 11-ல். அதற்குள் மே முதல் வாரத்திலேயே இந்தியாவில் ஒரே நாளில் 4 லட்சத்துக்கும் அதிகமானோருக்குத் தொற்று பதிவாகியிருந்தது. தமிழ்நாட்டில் மே 21-ம் தேதி மட்டும் 36,184 பேர். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை.

மார்ச் தொடக்கத்திலேயே அதிகாரிகளை எச்சரித்ததாக இன்சாகாக் விஞ்ஞானிகள் கூறினர் என்று மே 1-ம் தேதி ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. இன்சாகாக் அறிவியல் ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த வைராலஜிஸ்ட் ஷாகித் ஜமீல் அதே மாதம் பதவி விலகினார். மரபணுவை வாசிப்பது ஒரு பாதி வேலை. வாசித்ததை வைத்து முடிவெடுப்பது மறுபாதி.

பெயர் ஏன் மாறியது?

'பிரிட்டன் வகை', 'இந்திய வகை' என்று சொல்வது அந்தந்த நாடுகளுக்குக் களங்கமானது. அதனால் 2021 மே 31-ம் தேதி முதல் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைக்கத் தொடங்கியது உலக சுகாதார அமைப்பு. ஆனால் பெயரை மாற்றியதால் எல்லாம் மாறிவிடவில்லை. அதற்கு தென்னாப்பிரிக்காவே சாட்சி.

2021 நவம்பர் 24-ம் தேதி தென்னாப்பிரிக்கா புதிய வகை ஒன்றைப் பற்றி உலக சுகாதார அமைப்புக்குத் தெரிவித்தது. இரண்டே நாளில் அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் சூட்டி, கவலைக்குரிய வகை என அறிவித்தார்கள். டெல்டாவுக்கு மாதங்கள் ஆன வேலை இது. உலகம் பதிலுக்கு என்ன செய்தது? பிரிட்டன் தொடங்கி பல நாடுகள் தென்னாப்பிரிக்க விமானங்களுக்குத் தடை போட்டன. திறமையாகக் கண்டுபிடித்ததற்குத் தண்டனையா என்று அந்நாட்டு அரசு வேதனையோடு கேட்டது. உண்மையைச் சொன்னால் நஷ்டம் என்று ஆகிவிட்டால், அடுத்த முறை யார் முதலில் சொல்வார்கள்?

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

டெல்டா காலத்தில் தமிழ்நாட்டின் மாதிரிகள் பெங்களூருவில் உள்ள ஆய்வகத்துக்குத்தான் அனுப்பப்பட்டன. முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை. இதை மாற்ற, சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் சுமார் 4 கோடி ரூபாய் செலவில் அரசின் சொந்த வரிசைப்படுத்தல் ஆய்வகம் 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது.

டிசம்பர் 15-ம் தேதி மாநிலத்தின் முதல் ஒமைக்ரான் தொற்று உறுதியானது. அப்போது செய்திகளில் 'எஸ் ஜீன் டிராப்' என்ற வார்த்தை அடிக்கடி வந்தது நினைவிருக்கலாம். ஒரு வகை பிசிஆர் கிட் வைரஸை மூன்று இடங்களில் தேடும். ஒமைக்ரானில் ஒரு சிறு பகுதி காணாமல் போயிருந்ததால் எஸ் ஜீன் மட்டும் அந்த கிட்டில் தெரியாது. மற்ற இரண்டும் தெரிந்து இது மட்டும் தெரியாவிட்டால் ஒமைக்ரான் என்று சந்தேகிக்கலாம். முழு வரிசைப்படுத்தலுக்குக் காத்திருக்காமல் சில மணி நேரத்தில் கிடைத்த துப்பு இது. ஆனால் குறுக்குவழிக்கு எல்லை உண்டு. அடுத்து வந்த பிஏ.2 என்ற ஒமைக்ரான் கிளையில் எஸ் ஜீன் தெரிந்தது. அதைக் கண்டுபிடிக்க மறுபடியும் முழு மரபணுவைத்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

'இப்போதான் கொரோனா இல்லையே, இது இன்னும் எதுக்கு?'

கொரோனா அவசரநிலை முடிந்ததாக 2023 மே மாதம் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. வைரஸ் உருமாறுவதை நிறுத்தவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கேரளாவில் ஜேஎன்.1 வகை கண்டறியப்பட்டதும் இந்த வரிசைப்படுத்தலால்தான்.

ஆனால் டெஸ்ட் எடுப்பவர்கள் குறைந்துவிட்டதால் மாதிரிகளும் குறைந்துவிட்டன. இதற்கு ஒரு மாற்று வழி கழிவுநீர். தொற்று வந்தவரின் மலத்திலும் வைரஸின் மரபணு வெளியேறும். சாக்கடை நீரைச் சோதித்தால், யாருமே டெஸ்டுக்கு வராத பகுதியிலும் எந்த வகை பரவுகிறது என்று தெரிந்துவிடும். பெங்களூருவில் இப்படிக் கண்காணித்திருக்கிறார்கள்.

கருவிகள் இருக்கின்றன, பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல், காசநோய், டெங்கு என்று எந்தக் கிருமிக்கும் இதே முறை உதவும். ஆனால் 2021 சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். அடுத்த தொற்று வரும்போது எத்தனை லேப் இருக்கிறது என்பதைவிட, ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்த மாதிரி எத்தனை நாளில் வாசிக்கப்பட்டு, அந்த முடிவு எத்தனை நாளில் அந்த மாவட்ட கலெக்டர் மேஜைக்கு வருகிறது என்பதே முக்கியம். அந்த நாட்கள் குறைந்தால், ஆம்புலன்ஸ் வரிசையும் குறையும்.