விஞ்ஞான வகுப்பில் கூர்ப்பும் படைப்பும்: அவுஸ்திரேலிய அனுபவம்

சிட்னியின் வடமேற்கே கெல்லிவில்லில் குடியேறும் தமிழ்ப் பெற்றோருக்கு வீடு தேடுவதற்கு அடுத்த பெரிய காரியம் பிள்ளைக்குப் பாடசாலை தேடுவது. அரசாங்கப் பாடசாலை, கத்தோலிக்கப் பாடசாலை, கிறிஸ்தவச் சபைகள் சார்ந்த பாடசாலை என்று ஹில்ஸ் வட்டாரத்தில் தெரிவுகள் பல. கட்டணத்தை விசாரிக்கிறோம், பெறுபேற்றை விசாரிக்கிறோம், சீருடையைக்கூட விசாரிக்கிறோம். உயிரினங்கள் எப்படி உண்டாயின என்பதை அங்குள்ள விஞ்ஞான ஆசிரியர் எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்று விசாரிப்பவர்கள் குறைவு. இந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

டார்வின் இங்கே வந்து போனவர். 1836 ஜனவரி 12ஆம் திகதி பீகிள் கப்பல் சிட்னித் துறைமுகத்தை அடைந்தபோது அவருக்கு வயது 26. சில நாட்களின் பின் பரமட்டா வழியாக நீலமலைகளைக் கடந்து வல்லெரவாங் வரை குதிரையில் போனார். ஜனவரி 19ஆம் திகதி மாலை அங்கே நீரோடையில் பிளாட்டிபஸ் விளையாடுவதைக் கண்டார். அன்று அவர் கவனித்த இன்னொரு உயிர் நம் ஊர் மணலில் நாமெல்லாம் சிறுவயதில் கிண்டி விளையாடிய குழியானை. ஐரோப்பாவில் இருப்பதைப் போன்றே குழி பறித்து எறும்பு பிடிக்கிறது, ஆனால் இனம் வேறு. இங்குள்ள விலங்குகள் இவ்வளவு வித்தியாசமாக இருப்பதைப் பார்த்தால், இரண்டு படைப்பாளர்கள் தனித்தனியே வேலை செய்தார்கள் என்று ஒருவன் நினைக்கக்கூடும் என்று குறிப்பேட்டில் எழுதினார். குழியானையின் ஒரே தந்திரத்தைக் கண்டு, இல்லை, ஒரே கைதான் என்று அப்போது தமக்குத் தாமே பதிலும் சொல்லிக்கொண்டார். அந்தப் பதிலை மாற்றிய நூல் 1859இல்தான் வெளிவந்தது. ஒரு கேள்வி 23 ஆண்டுகள் சான்றுகளோடு உரசி வளர்ந்தது என்பதை இந்தப் பாடத்தின் முதல் வகுப்பாகவே வைக்கலாம் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் இந்த வழக்கு எப்போதும் நீதிமன்றத்திலேயே நடந்தது. 1925இல் டென்னசியில் ஆசிரியர் ஸ்கோப்ஸுக்கு 100 டொலர் அபராதம். 1968இலும் 1987இலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். 2005 டிசம்பரில் பென்சில்வேனியாவின் டோவர் நகர வழக்கில், 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்பது வேறு பெயரிலுள்ள படைப்புவாதமே என்ற தீர்ப்பு. அரசு மதத்தை நிறுவக்கூடாது என்னும் அவர்களது அரசியல் சட்டத் திருத்தமே 1925க்குப் பிந்திய இந்தத் தீர்ப்புகளுக்கு அடிப்படை.

அவுஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 116ஆம் பிரிவும் ஏறக்குறைய அதே சொற்களில் இருக்கிறது. ஆனால் அது மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும்; பாடசாலைகளோ மாநிலங்களின் பொறுப்பு. தவிரவும், சமயப் பாடசாலைகளுக்கு மத்திய அரசு பணம் கொடுப்பது இந்தப் பிரிவை மீறுவதாகாது என்று 1981இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே டோவர் போன்ற ஒரு வழக்கு இங்கே எழுவது அரிது. 1997இல் சிட்னியில் புவியியலாளர் இயன் பிளிமர், நோவாவின் பேழை பற்றி விரிவுரை செய்த ஒருவருக்கு எதிராக வழக்காடியபோதும், இத்தகைய சர்ச்சைகள் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்படவேண்டியவை என்பதே நீதிபதியின் போக்காக இருந்தது. பிளிமரின் முக்கிய கோரிக்கை தோற்றது. (இதே பிளிமர் பின்னாளில் காலநிலை விஞ்ஞானிகளோடு மல்லுக்கட்டியது வேறு கதை.)

நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டால் மிஞ்சுவது பாடத்திட்டமும் ஆசிரியரும். குயின்ஸ்லாந்தில் 1980களில், பியெல்கே-பீட்டர்சன் ஆட்சியில், படைப்பையும் விஞ்ஞான வகுப்பில் சொல்லலாம் என்று கல்வி அமைச்சரே ஆதரவு காட்டினார். அதே மாநிலத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்த கென் ஹாம் 1987இல் அமெரிக்கா போய், 2007இல் கென்டக்கியில் படைப்பு அருங்காட்சியகத்தைத் திறந்தார். படைப்புவாதம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று பொதுவாகச் சொல்வோம். இங்கிருந்து ஏற்றுமதியானதும் உண்டு.

2005இல் சர்ச்சை நம் வாசலுக்கே வந்தது. மத்திய கல்வி அமைச்சர் பிரெண்டன் நெல்சன், பெற்றோரும் பாடசாலையும் விரும்பினால் அறிவார்ந்த வடிவமைப்பையும் மாணவர் அறியலாம், ஆனால் அது கூர்ப்புப் பாடத்தின் இடத்தைப் பிடிக்கக்கூடாது என்றார். அந்த ஒக்டோபரில், 70,000 விஞ்ஞானிகளையும் ஆசிரியர்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் அமைப்புகள் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டன. சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒன்று விஞ்ஞானம் ஆகாது, அதற்கு வேறு வகுப்பில் இடம் உண்டு என்பதே அதன் சாரம். தென் அவுஸ்திரேலியாவில் தனியார் பாடசாலைகளைப் பதிவு செய்யும் சபை, படைப்புவாதத்தை அடிப்படையாகக் கொண்ட விஞ்ஞானப் பாடத்தை ஏற்பதில்லை என்று 2009இல் விதி வகுத்தது.

வேறு வகுப்பு என்பது நியூ சவுத் வேல்ஸில் வெறும் பேச்சல்ல. 1990ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி அரசாங்கப் பாடசாலைகளில் சமயக் கல்விக்குத் தனி நேரம் உண்டு. இந்து சமய வகுப்புகளும் நடக்கின்றன. விஞ்ஞானப் பாடத்திட்டமோ ஐயத்துக்கு இடமில்லாதது. இயற்கைத் தேர்வுக்கு உதாரணமாக, அன்டிபயோட்டிக் மருந்துக்கு மசியாத பக்டீரியாவை ஆண்டு 9, 10 மாணவர் படிக்கிறார்கள். ஆண்டு 11 உயிரியலில் கேன் தேரை வருகிறது. 1935இல் குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட இந்தத் தேரைகள் பரவும் எல்லையில், முன்னணியில் ஓடுபவற்றின் கால்கள் நீளமாக இருப்பதை சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் அறிவித்தார்கள். எழுபது ஆண்டுகளில், கண்ணெதிரே.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கூர்ப்போடு சண்டை இல்லை. எல்லாம் எங்களிடம் முன்பே இருக்கிறது என்பதுதான் நமது வியாதி. தசாவதாரமே டார்வின் கொள்கை என்பார்கள். மணிவாசகர் சிவபுராணத்தில் புல்லிலிருந்து தேவர் வரை அடுக்கிச் சொன்னாரே என்பார்கள். அது ஒரே உயிர் பல உடல்களில் பிறந்து இளைப்பது. டார்வின் சொன்னது ஒரு கூட்டத்தின் இயல்பு தலைமுறைகளில் மாறுவது. தொல்காப்பிய மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான அடுக்கு அருமையான வகைப்பாடு, ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று அது சொல்லவில்லை. விஞ்ஞான ஆசிரியர் பைபிளைக் கொண்டுவந்தால் முகம் சுளிக்கும் நாம், அதையே பெருமையோடு செய்கிறோம்.

சொற்களும் சும்மா இருப்பதில்லை. இலங்கைப் பாடநூலில் 'கூர்ப்பு', தமிழ்நாட்டில் 'பரிணாமம்'. தொல்காப்பிய உரியியல் கூர்ப்பு என்பதற்கு உள்ளது சிறத்தல் என்று பொருள் காண்கிறது. புதிதாகப் படைக்கப்படுவதில்லை, உள்ளதே மாறுகிறது என்ற அளவில் பொருத்தமான சொல்; சிறத்தல் என்பதில்தான் இடறல், ஏனெனில் இயற்கைத் தேர்வுக்கு முன்னேற்றம் என்ற இலக்கு கிடையாது. பரிணாமம் சாங்கியத்தின் சொல், பால் தயிராவது போன்ற மாற்றம். இவற்றோடு ஆங்கிலத் 'தியரி'யும் சேர்ந்துகொள்கிறது. 'அது தியரிதானே' என்று சாப்பாட்டு மேசையில் ஒரு அப்பா சொன்னால், பிள்ளை அதை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளும். விஞ்ஞானத்தில் கோட்பாடு என்பது, சான்றுகளை ஒன்றாகக் கட்டி விளக்கி, பொய்யாகக்கூடிய சோதனைகளையும் தாண்டி நிற்பது.

இந்தியாவிலிருந்து புதிதாக வரும் குடும்பங்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த அத்தியாயம், 2023இல் வெளியான பதிப்பில் 'மரபு' என்று சுருங்கியது. பாடச்சுமையைக் குறைப்பதே காரணம் என்று சொல்லப்பட்டது. 1,800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதைக் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பாடம் இருந்தது. உயிரியல் எடுக்காத மாணவருக்கு அது கிடைக்காது. தமிழ்நாட்டு அரசுப் பாடநூலிலோ பத்தாம் வகுப்பிலேயே 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனி அலகு உண்டு. எனவே அந்தச் சுருங்கிய நூலைப் படித்துவிட்டு இங்கே ஆண்டு 11இல் உயிரியல் எடுக்கும் பிள்ளைக்கு, சக மாணவர் ஏற்கெனவே தாண்டிவந்த ஒரு பாடம் முழுவதும் புதிதாக இருக்கலாம். ஆண்டு 10 விஞ்ஞான நூலை விடுமுறைக்குள் வாங்கி, அந்த அத்தியாயத்தை மட்டுமாவது படிக்கக் கொடுப்பது நல்லது.