மியூனிக்கை மீட்டெடுத்த தச்சர்

தாமஸ் விம்மர் 1887-இல் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் எர்டிங் நகரை ஒட்டிய சிக்ல்ஃபிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். தச்சுத் தொழில் கற்று மியூனிக்கில் வேலை பார்த்தார். தொழிற்சங்கத்தின் வழியாகச் சமூக ஜனநாயகக் கட்சிக்கு வந்து, 1920-களில் மாநகராட்சி மன்ற உறுப்பினரானார். 1933-இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் பதவி போனது, சிறைவாசம் தொடங்கியது. 1944 ஜூலை 20-இல் ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றபின், பழைய கட்சித் தலைவர்கள் நாடெங்கும் கைது செய்யப்பட்டபோது அவரும் டாக்காவ் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

1945 ஏப்ரல் 30 அன்று அமெரிக்கப் படை மியூனிக்கைக் கைப்பற்றியது. குண்டுவீச்சில் பழைய நகர்ப் பகுதியின் பெரும்பகுதி அழிந்திருந்தது. அப்புறப்படுத்த வேண்டிய இடிபாடு மட்டும் சுமார் 50 லட்சம் கன மீட்டர். நாஜிகளுக்கு முன் மேயராக இருந்த கார்ல் ஷார்னாகலையே அமெரிக்கர்கள் மீண்டும் அப்பதவியில் அமர்த்தினார்கள். அவர் ரொட்டித் தொழில் செய்தவர்; அவரும் டாக்காவில் அடைபட்டவர். விம்மர் துணை மேயர்களில் ஒருவரானார். 1948 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி முன்னிலை பெற்றதால், மன்றம் விம்மரை மேயராகத் தேர்ந்தெடுத்தது.

அடுத்த ஆண்டு அவர் விடுத்த அழைப்புதான் அவரை மியூனிக் மக்களின் நினைவில் நிலைநிறுத்தியது. 1949 அக்டோபர் 29 அன்று இடிபாடுகளை அள்ள வருமாறு நகரத்தாரைக் கூப்பிட்டார். உள்ளூர்ப் பேச்சுவழக்கில் 'ராமா தாமா', அதாவது 'அள்ளிப்போடுவோம்' என்பது அந்த அழைப்பு. சுமார் 7,500 பேர் மண்வெட்டியோடு திரண்டார்கள். மேயரும் அவர்களோடு நின்று மண் அள்ளினார். ஒரே நாளில் ஏறத்தாழ 15,000 கன மீட்டர் இடிபாடு அகன்றது. மொத்தக் குவியலில் இது மிகச் சிறிய பங்கு; பெரும்பகுதியை அகற்றியவை லாரிகளும் அதற்கெனத் தண்டவாளம் போட்டு ஓட்டிய சிறு ரயில்களும்தான். ஆயினும், நகரம் தங்களுடையது என்ற எண்ணத்தைத் தோற்றுப்போன மக்களிடம் திரும்பக் கொண்டுவந்தது அந்த நாள். அள்ளிய இடிபாடு நகரின் பல இடங்களில் குன்றுகளாகக் கொட்டப்பட்டது. 1972 ஒலிம்பிக் பூங்காவிலுள்ள குன்றும் அவற்றில் ஒன்று.

நகரைப் புதுப்பிப்பதில் மியூனிக் பழைமையைக் கைவிடவில்லை. பழைய தெருக்களின் போக்கையும் கோபுரங்களையும் காத்தபடியே வீடுகளும் பள்ளிகளும் எழுந்தன. 1957-இல் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தொட்டது.

மியூனிக்கின் பீர்த் திருவிழாவான அக்டோபர் விழாவின் தொடக்கச் சடங்கும் விம்மரிடமிருந்து வந்ததே. 1950-இல் ஷாட்டன்ஹாமல் கூடாரத்தில் முதல் பீர்ப் பீப்பாயில் குழாயை அடித்து இறக்கினார். அதுவரை எந்த மேயரும் அதைச் செய்ததில்லை. பின்வந்த மேயர்கள் எல்லாரும் அந்த வழக்கத்தைத் தொடர்கிறார்கள்.

1960-இல் விம்மர் ஓய்வு பெற்றார். 34 வயது சட்ட அறிஞர் ஹான்ஸ்-யோகன் ஃபோகல் அவர் இடத்துக்கு வந்தார். விம்மர் 1964 ஜனவரியில் காலமானார். பழைய நகர்ப் பகுதியைச் சுற்றிச் செல்லும் சாலையின் ஒரு பகுதி இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.